கோட்டுக்கு வெளியே நிற்கும் ரன்னர்

சங்கரன்கோவிலில் இருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் திருநெல்வேலி. அங்கே சங்கர் நகரில் சிமெண்ட் ஆலையை ஒட்டி இருக்கும் கிரிக்கெட் மைதானத்தில்தான் 2022 ஜூன் 23 அன்று அந்த ஆண்டின் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. நெல்லை ராயல் கிங்ஸ் எடுத்த ரன்களைச் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் விரட்டிக்கொண்டிருந்தது. நான்காவது ஓவர். பந்துவீச ஓடிவந்த பாபா அபராஜித், பந்தைக் கையிலிருந்து விடாமலே தன் பக்கத்து ஸ்டம்பைத் தட்டிவிட்டார். அந்த முனையில் ரன்னராக நின்ற என். ஜெகதீசன் அதற்குள் கோட்டைத் தாண்டிப் போயிருந்தார். 25 ரன்களோடு நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் அவுட். வெளியேறும்போது கோபத்தில் அவர் காட்டிய சைகை கேமராவில் பதிவாகி ஊரெங்கும் பரவியது. பிறகு அதற்காக மன்னிப்பும் கேட்டார். ஆட்டம் டையாகி, சூப்பர் ஓவரில் நெல்லை ஜெயித்தது. டையான ஆட்டத்தில் ஒரு விக்கெட்டின் எடை எவ்வளவு என்பது கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அபராஜித்துக்குக் கிடைத்தது பாராட்டு மட்டும் இல்லை. இப்படி ஒரு விக்கெட் எடுக்கலாமா என்ற கேள்வி, எழுபத்தைந்து ஆண்டுகளாக எழுவதைப் போலவே, அன்றைக்கும் எழுந்தது. எடுக்கலாம், எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. விதிப்புத்தகத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கிரிக்கெட்டில் பேட்டுக்கும் பந்துக்கும் இடையே இருக்க வேண்டிய நியாயம் இந்தக் கோட்டில் அடங்கியிருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். இரண்டு பக்க ஸ்டம்புகளுக்கும் இடையே 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். ஒவ்வொரு பக்கமும் ஸ்டம்பிலிருந்து நான்கு அடி முன்னால் பேட்டிங் கோடு போடப்பட்டிருக்கும். ஆகவே ரன் ஓடுகிறவர் உண்மையில் கடக்க வேண்டியது 17.68 மீட்டர்தான். இதில் ஒரு மீட்டரை ரன்னர் முன்கூட்டியே நடந்து முடித்துவிட்டால், ஓட வேண்டிய தூரத்தில் கிட்டத்தட்ட ஆறு சதவீதத்தை இலவசமாகப் பெற்றுவிடுகிறார். விநாடிக்கு ஆறு மீட்டர் ஓடுகிற ஆளுக்கு அது ஆறில் ஒரு விநாடி. கேட்கச் சிறிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரடியாக ஸ்டம்பில் பட்ட ஒரு த்ரோவை டிவியில் மெதுவாக ஓட்டிக் காட்டும்போது, பேட் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு விரல் இடைவெளிதான். ஒரு மீட்டர் என்றால் அந்த இடைவெளியைப் போல எத்தனையோ மடங்கு. இதோடு இன்னொரு லாபமும் உண்டு. நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறவரைவிட ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருப்பவர் சீக்கிரம் வேகமெடுப்பார். இருபது ஓவர் ஆட்டத்தின் கடைசி இரண்டு ஓவர்களில், நிலைத்து ஆடுகிற பேட்ஸ்மேனுக்கு ஸ்ட்ரைக்கைக் கொடுக்க ஒரு ரன், ஒன்றை இரண்டாக்க இன்னொரு ரன் என்று இதைத் திட்டமிட்டே பயன்படுத்துகிறார்கள். தெரியாமல் காலை எடுத்து வைத்துவிட்டார் என்று சொல்லிக் கடந்து போகிற விஷயமில்லை இது.

அதே கோட்டில் பந்துவீச்சாளருக்கு என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய முன்கால் விழும்போது அதன் ஏதாவது ஒரு பகுதி கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். நூலளவு தாண்டினாலும் நோபால். எதிரணிக்கு ஒரு ரன், ஒரு பந்து கூடுதல், ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களில் ஃப்ரீ ஹிட் வேறு. அந்தப் பந்தில் போல்டு ஆக்கியிருந்தாலும் விக்கெட் கிடையாது. இப்போது பெரிய ஆட்டங்களில் மூன்றாம் நடுவர் ஒவ்வொரு பந்துக்கும் அவர் காலைக் கேமராவில் பார்த்துக்கொண்டே இருக்கிறார். “முதல் தடவைதானே, எச்சரித்து விடுங்கள்” என்று பந்துவீச்சாளருக்காக யாரும் பரிந்து பேசுவதில்லை. எதிர்முனையில் நிற்கும் பேட்ஸ்மேனும் அப்படித்தான். சுழற்பந்தை ஏறி அடிக்க முயன்று தவறவிட்டு, கால் ஒரு அங்குலம் கோட்டுக்கு வெளியே நின்றால் கீப்பர் ஸ்டம்பிங் செய்துவிடுவார். தோனி அதை மின்னல் வேகத்தில் செய்தபோது நாம் எழுந்து நின்று கைதட்டினோம். இத்தனைக்கும் அந்த பேட்ஸ்மேன் ரன் எதையும் திருடப் போகவில்லை. பந்தைத் தேடித்தான் போனார். அவருக்கு எச்சரிக்கை இல்லை. ரன்னை முன்கூட்டியே களவாட வெளியே போனவருக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும் என்று கேட்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இந்த ஆட்டமிழப்புக்கு ஒரு இந்தியரின் பெயர் ஒட்டிக்கொண்டது 1947-ல். சுதந்திரம் வந்த அதே ஆண்டு இந்திய அணி ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தது. டிசம்பர் 13 அன்று சிட்னி டெஸ்ட்டில் இடதுகைச் சுழற்பந்துவீச்சாளர் வினு மன்கட், கோட்டை விட்டு முன்னே போய்க்கொண்டிருந்த பில் பிரவுனை ரன் அவுட் செய்தார். அந்தச் சுற்றுப்பயணத்தில் அது முதல் தடவையும் இல்லை. அதற்கு முந்தைய மாதம் அதே சிட்னியில் நடந்த வேறொரு ஆட்டத்தில் பிரவுனை ஒருமுறை எச்சரித்துவிட்டு, அவர் திருந்தாததால் மன்கட் அவுட் செய்திருந்தார். அப்படியும் ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் மன்கட்டைத்தான் குறை சொல்லின. ஆனால் எதிரணியின் கேப்டன் டான் பிராட்மேன் மன்கட் பக்கம் நின்றார். பந்து வீசப்படும்வரை ரன்னர் உள்ளே இருக்க வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்லும்போது பந்துவீச்சாளரைக் குறை சொல்வது ஏன் என்பது அவர் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுப்பிய கேள்வி. தன் விக்கெட்டை இழந்த அணியின் தலைவர் கேட்ட கேள்வி இது. இப்படி அவுட் ஆனவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே இருந்தார்கள். ஆனால் பழி வந்து சேர்ந்தது இந்தியாவின் ஆகச்சிறந்த ஆல்ரவுண்டர்களில் ஒருவரின் பெயர்மேல்.

பந்துவீச்சாளர் செய்தால் அற்பத்தனம், பேட்ஸ்மேன் செய்தால் சுறுசுறுப்பு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? கிரிக்கெட்டின் சமூக வரலாற்றில்தான் அதற்கு விடை தேட வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் 1962 வரை ஆட்டக்காரர்கள் இரண்டு சாதியாகவே பிரிக்கப்பட்டிருந்தார்கள். காசு வாங்காமல் ஆடும் கனவான்கள் ஒரு பக்கம், கூலிக்கு ஆடும் தொழில்முறைக்காரர்கள் மறுபக்கம். பந்துவீச்சின் பாரத்தில் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் கூலிக்கு ஆடியவர்கள். பேட்டிங்கின் அழகும் கேப்டன் பதவியும் கனவான்களுக்கு. எது கண்ணியம், எது கண்ணியமில்லை என்று சொல்லும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது. இந்தியாவிலும் இதன் நிழல் விழுந்தது. தலித் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலூ, புனே ஜிம்கானாவில் ஐரோப்பியர்களுக்கு வலைப்பயிற்சியில் மணிக்கணக்காகப் பந்துவீசினார். பேட் பிடிக்க மட்டும் அவருக்கு அங்கே வாய்ப்புத் தரப்படவில்லை. பின்னாளில் 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளராக விளங்கியவர் அவர். பந்து வீசுவது உழைப்பு, பேட் செய்வது உரிமை என்ற பழைய பாகுபாட்டின் மிச்சம்தான், கோட்டைத் தாண்டிய ரன்னரிடம் இரக்கமும் அவரை அவுட் செய்தவரிடம் கோபமும் காட்டச் சொல்கிறது. இதை முழுமையான விளக்கம் என்று நான் சொல்லவில்லை. மற்ற காரணங்களும் இருக்கலாம். ஆனால் ‘கிரிக்கெட்டின் ஆன்மா’ என்ற பெயரில் விதிப்புத்தகத்துக்கு ஒரு முன்னுரை சேர்க்கப்பட்டதே 2000-ம் ஆண்டில்தான் என்பதையும், அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இந்த ரன் அவுட் விதியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எது மரபு என்று பேசுவதில் கொஞ்சம் நிதானம் வரும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் மனதைத் தொடுவது மேற்கிந்தியத் தீவுகளின் பந்துவீச்சாளர் கோர்ட்னி வால்ஷின் கதை. 1987 உலகக் கோப்பை, லாகூர், அக்டோபர் 16. பாகிஸ்தானுக்குக் கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவை, கையில் ஒரே விக்கெட். ஓடிவந்த வால்ஷ், ரன்னர் சலீம் ஜாஃபர் வெகுதூரம் வெளியே போயிருப்பதைப் பார்த்தார். ஸ்டம்பைத் தட்டியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் தட்டவில்லை, நின்று, திரும்பிப் போய், மறுபடி வீசினார். அப்துல் காதர் இரண்டு ரன் எடுத்தார். மேற்கிந்தியத் தீவுகள் அந்தத் தொடரில் அரையிறுதிக்கே போகவில்லை. வால்ஷின் பெருந்தன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது கொடை. கொடுக்கும் பொருள் கொடுப்பவருக்குச் சொந்தமாக இருந்தால்தான் கொடை ஆகும். அந்த விக்கெட்டை எடுக்க வால்ஷுக்கு முழு உரிமை இருந்தது. அதை அவர் விட்டுக்கொடுத்தார். ஒருவர் விட்டுக்கொடுத்ததைக் காட்டி, இனி எல்லாரும் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று கேட்பது அந்தக் கொடையையே சிறுமைப்படுத்துகிறது. கொடுத்தவர் தோற்றார், கோட்டைத் தாண்டியவர்கள் ஜெயித்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2012-ல் பிரிஸ்பேனில் அஸ்வின், இலங்கையின் திரிமன்னேயை இதேபோல் அவுட் செய்தபோது கேப்டனாக இருந்த சேவாக் அப்பீலைத் திரும்பப் பெற்றார். திரிமன்னே 62 ரன் எடுத்தார், இந்தியா தோற்றது. இளம் பந்துவீச்சாளர் ஒருவர் விழிப்பாக இருந்து எடுத்த விக்கெட்டைக் கேப்டன் தானம் செய்ததாகவே எனக்கு அது படுகிறது.

ஒருமுறை எச்சரித்துவிட்டுச் செய்திருக்கலாமே என்பது அடுத்த வாதம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. நடந்ததைப் பார்த்தால் நிலைக்கவில்லை. 2014-ல் எட்ஜ்பாஸ்டனில் இலங்கையின் சசித்ர சேனநாயக்க, ஜாஸ் பட்லரை எச்சரித்த பிறகுதான் அவுட் செய்தார். கேப்டன் ஏஞ்சலோ மேத்யூஸ் அப்பீலில் உறுதியாக நின்றார். அப்போதும் வசவு இலங்கைக்குத்தான் கிடைத்தது. மன்கட் எச்சரித்திருந்தும் அவருக்குக் கிடைத்தது அதுவே. அதாவது எச்சரிக்கை கேட்பவர்கள் எச்சரித்த பிறகும் ஏற்றுக்கொள்வதில்லை. அதே பட்லர் ஐந்து ஆண்டு கழித்து, 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில், பஞ்சாப் அணிக் கேப்டன் அஸ்வினிடம் 69 ரன்னில் இதே முறையில் விக்கெட்டைப் பறிகொடுத்தார் என்பது, எச்சரிக்கையால் பழக்கம் மாறுமா என்பதற்கும் ஒரு பதில். அன்றைக்கு 185 ரன் இலக்கை நோக்கி ஒரு விக்கெட்டுக்கு 108 என்று வசதியாகப் போய்க்கொண்டிருந்த பட்லரின் ராஜஸ்தான் அணி, 14 ரன்னில் தோற்றது.

அஸ்வின் விஷயத்தில் இன்னும் கடினமான ஒரு ஆட்சேபம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. அவர் ஓடிவந்து, பந்துவீசும் நிலைக்கு வந்து, ஒரு கணம் நிறுத்தி, பட்லர் வெளியே போகும்வரை காத்திருந்து தட்டினார் என்கிறார்கள். வழக்கமாகப் பந்து கையை விட்டிருக்க வேண்டிய நேரத்தில் பட்லர் உள்ளேதான் இருந்தார் என்பது வாதம். விதிகளைப் பராமரிக்கும் லண்டன் எம்.சி.சி.யே முதலில் அஸ்வின் பக்கம் பேசிவிட்டு, சில நாளில் அந்த இடைநிறுத்தம் சற்று நீளம் என்று மாற்றிச் சொன்னது. ரன்னரை ஏமாற்றி வெளியே இழுப்பது பந்துவீச்சாளரின் வேலையாகிவிடக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கு மருந்து, எந்தக் கணம்வரை தட்டலாம் என்று விதியில் தெளிவாக வரையறுப்பதுதான். அது நடந்தும் விட்டது. 2022 அக்டோபர் 1 முதல் இந்த ஆட்டமிழப்பு ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற 41-வது விதியிலிருந்து எடுக்கப்பட்டு, சாதாரண ரன் அவுட்டுக்கான 38-வது விதியில் வைக்கப்பட்டது. 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் லீக்கில் ஆடம் ஸாம்பா, கையைச் சுழற்றி முடித்த பிறகு ஸ்டம்பைத் தட்ட, நாட் அவுட் என்று தீர்ப்பானது. அதையொட்டி எம்.சி.சி. வாசகத்தை இன்னும் துல்லியமாக்கியது. பந்து வீசும் கை வழக்கமான சுழற்சியில் உச்சிக்கு வரும் கணம் வரைதான் ரன்னரை அவுட் செய்யலாம். அதற்குப் பிறகு முடியாது. பாவனை காட்டி ஏமாற்றும் வழி இதனால் பெருமளவு அடைபட்டுவிட்டது. அந்தக் கணத்துக்கு முன் கோட்டைத் தாண்டியவருக்குச் சொல்ல ஒரு சாக்கும் மிச்சமில்லை.

இதில் திறமை எங்கே இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். நல்ல பந்து போட்டு எடுத்த விக்கெட்டா இது என்று. ரன் அவுட் எதுவுமே நல்ல பந்து போட்டு எடுத்த விக்கெட் இல்லை. எதிராளியின் கவனப்பிசகை விழிப்பால் பிடிப்பதுதான் அது. 2022 செப்டம்பர் 24 அன்று லார்ட்ஸில் தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனை அவுட் செய்து இந்தியாவுக்கு 16 ரன்னில் வெற்றி தந்தார். இந்திய வேகப்பந்துவீச்சாளர் ஜூலன் கோஸ்வாமியின் கடைசி ஆட்டம் அது. இப்படியா முடிய வேண்டும் என்று அன்று பலர் வருந்தினார்கள். ஆட்டத்தின் காட்சிகளை ஒவ்வொரு பந்தாகத் திரும்பப் பார்த்த ஒரு செய்தியாளர், டீன் எழுபது தடவைக்கு மேல் முன்கூட்டியே கோட்டை விட்டுப் போயிருந்ததைக் கணக்கெடுத்துக் காட்டினார். எழுபது தடவை நடந்ததை யாரும் கண்ணியக் குறைவு என்று சொல்லவில்லை. கடைசியில் ஒருமுறை தட்டியதைத்தான் சொன்னார்கள். ஆடிக்கொண்டே, களைத்துப்போன கடைசி நேரத்தில், ரன்னரின் பழக்கத்தைக் கவனித்து, ஓடிவருகிற வேகத்தில் நின்று திரும்பித் தட்டுவதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது பந்துவீசிப் பழகியவர்களுக்குத் தெரியும்.

அவுட் கொடுக்காமல் வேறு தண்டனை வைக்கலாமே, டிவியில் பார்த்து அந்த ரன்னை ரத்து செய்யலாமே என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் கிரிக்கெட் என்பது கேமரா இருக்கிற மைதானங்களில் மட்டும் ஆடப்படுவதில்லை. பொங்கல் விடுமுறையிலும் கோடையிலும் சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தின் பள்ளி மைதானங்களிலும் வறண்ட குளத்துப் பொட்டல்களிலும் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பிலோ செருப்புக் காலாலோ இழுத்த கோடு. பெரும்பாலும் பேட்டிங் பக்கத்து ஆளே அம்பயர். அவர் பந்துவீச்சாளரின் காலைப் பார்க்க வேண்டும், பிறகு நிமிர்ந்து பந்தைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் ரன்னர் எப்போது கிளம்பினார் என்பதைப் பார்க்க அவருக்கு மூன்றாவது கண் கிடையாது. இங்கே ரன்னரைக் கோட்டுக்குள் நிறுத்தி வைக்கக்கூடிய ஒரே ஆள் பந்துவீச்சாளர்தான். சீக்கிரம் கிளம்பிய ரன்னருக்கு விதியில் வேறு கண்டிப்பு எதுவும் கிடையாது. ரன் அவுட் என்ற பயம் ஒன்றே காவல். அந்தப் பயத்தை ‘கேவலம்’ என்று சொல்லி எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது வெறும் சுண்ணாம்பு. லார்ட்ஸுக்கும் குளத்துப் பொட்டலுக்கும் ஒரேபோலப் பொருந்துகிற, கருவியும் செலவும் இல்லாத தண்டனை இது ஒன்றுதான்.

ஊர்ப் போட்டிகளில் ‘மன்கட் கிடையாது’ என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதும் உண்டு. எல்.பி.டபிள்யூ. கிடையாது என்று பேசிக்கொள்வதைப் போல இதையும் ஒரு வசதியாக நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. எல்.பி.டபிள்யூ.வில் பந்து எங்கே குத்தியது, எங்கே போயிருக்கும் என்று ஊகிக்க வேண்டும். நடுநிலையான அம்பயர் இல்லாத இடத்தில் அந்த ஊகம் அடிதடியில் முடியும். அதனால் விட்டுவிடுவது புத்திசாலித்தனம். ரன்னர் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதில் ஊகத்துக்கு அவ்வளவாக இடமில்லை. பந்துவீச்சாளர் ஸ்டம்பைத் தட்டி நின்ற நிலையில் ரன்னரின் கால் எங்கே என்பதைப் பக்கத்தில் நிற்கும் எல்லாரும் பார்த்துவிடலாம். சண்டை வருவது விதியால் இல்லை. விதி இருக்கிறதா இல்லையா என்று இரு தரப்புக்கும் தெரியாததால். போட்டி நடத்துகிறவர்கள் டாஸ் போடும்போதே இரண்டு கேப்டன்களையும் வைத்துச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். ரன்னர் கோட்டை விட்டால் அவுட், எச்சரிக்கை கிடையாது, கை உச்சிக்கு வந்த பிறகு தட்டினால் செல்லாது, அவுட் இல்லையென்றால் அது டெட் பால், ஓவர் கணக்கில் சேராது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

பையன்களுக்குக் கற்றுத்தர வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. ரன்னர் கோட்டின் மேல் நின்றுகொண்டு முன்னே சாய்வதற்குப் பதிலாக, கோட்டுக்கு ஓரிரு அடி பின்னாலிருந்து நடக்கத் தொடங்கலாம். அப்போது பந்து கையை விடும் நேரத்தில் அவர் நடையில் இருப்பார். வேகம் கிடைத்துவிடும், விதியும் மீறப்படாது. பேட்டைப் பந்துவீச்சாளர் பக்கத்துக் கையில் பிடித்தால் உடம்பு அவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும், பந்து இருக்கும் கை கண்ணில் படும். பேட்டின் நுனியைக் கோட்டுக்குப் பின்னால் தரையில் இழுத்துக்கொண்டே வந்து, பந்து விடுபட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு தூக்க வேண்டும். எதிரே நிற்கும் பேட்ஸ்மேன் என்ன அடிக்கப் போகிறார் என்று முன்கூட்டியே அந்தப் பக்கம் பார்வையைத் திருப்புவதுதான் பெரும்பாலான ரன்னர்கள் செய்கிற தப்பு. வலைப்பயிற்சியில் ஆளே இல்லாமல் காலியாகக் கிடக்கிற ரன்னர் முனையில் ஒருவரை நிறுத்தி, வீசுகிறவர் எப்போது வேண்டுமானாலும் நின்று ஸ்டம்பைத் தட்டலாம் என்று சொல்லி ஒரு வாரம் ஆடவிட்டால் போதும். பேட்டின் நுனி தானாகவே தரையை விட்டு எழாது.